சுவரில் ஏறும் ஈரம், மார்பில் ஏறும் சளி



இந்தப் பிரசுரத்தைக் கையில் எடுத்த உடனே ஒரு சின்ன வேலை செய்யுங்கள. நீங்களும் பிள்ளைகளும் படுக்கிற அறைக்குப் போய், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? கையில் சுண்ணாம்பு மாவாக ஒட்டுகிறதா? மூலையில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகப் படர்ந்திருக்கிறதா? சுருட்டி வைத்த பாயை விரித்தால் மக்கிப்போன வாடை அடிக்கிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பிரசுரம் உங்களுக்காகத்தான்.

"மழைக்காலம்னா ஈரம் இருக்கத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்றது?" என்று நம்மில் பலர் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஈரம் என்றால் தண்ணீர். தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் சுவர் தானே காயும். வழியைத் திறந்து வைத்துவிட்டு, மேலே மேலே வெள்ளையடிப்பதில் பயன் இல்லை. சீழ் பிடித்த புண்ணின் மேல் துணியைச் சுற்றி மறைப்பது போலத்தான் அது.

பூசணம் என்பது என்ன?

பழைய சோற்றில், ஊறுகாய் ஜாடியில், நனைந்த செருப்பில் பூக்கிறதே, அதே பூசணம்தான் சுவரிலும் பூக்கிறது. இது மிகச் சிறிய உயிர். இதன் விதைத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் காற்றில் மிதக்கிறது. அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அந்தத் தூள் முளைப்பதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த சுவரில் விழுந்தால் சும்மா கிடக்கும். ஈரச் சுவரில், ஈரப் பாயில், ஈரத் துணியில் விழுந்தால் முளைத்துப் படரும்.

நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை. அதற்கு மேல் ஈரமாகவே கிடந்தால் பிடித்துக்கொள்ளும். ஆகவே பூசணத்துக்கு மருந்து தேடுவதைவிட ஈரத்தைப் போக்குவதே சரியான வைத்தியம்.

உடம்புக்கு என்ன கெடுதல்?

ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சு விடும்போது விசில் சத்தம், நெஞ்சுச் சளி, மூக்கடைப்பு ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது முற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் யாருக்கு அதிக பாதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் வயலில் இருப்பவருக்கு அல்ல. வீட்டுக்குள்ளேயே அதிக நேரம் இருப்பவர்களுக்குத்தான். கைக்குழந்தை, கர்ப்பிணி, பிள்ளை பெற்றவள், வயதான மாமியார், மாமனார் ஆகியோரே அவர்கள். கைக்குழந்தை தரையோடு தரையாகப் பாயில் படுக்கிறது. ஈரம் அதிகமாக இருப்பதும் தரையும் சுவரும் சேரும் அந்த இடத்தில்தான். மூலையில் கட்டிய தூளியில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பூசணம் படிந்த சுவர் இருந்தால், தூங்கும் நேரமெல்லாம் குழந்தை இழுப்பது அந்தக் காற்றைத்தான்.

குழந்தைக்கு இருமல் சளி இருந்தால், அது அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்.
2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்.

இந்தக் கணக்குக்கு வந்தால் அது வேக மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குச் சொல்லி உடனே புறப்படுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுவர்ப் பூசணத்தால் காசநோய் வருவதில்லை. அது கிருமியால் வருவது. ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையில் அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதாகப் பரவும். ஈரத்தைப் போக்கும் சன்னலே இந்தக் கிருமியையும் கலைத்து வெளியேற்றும். 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் "ஈரத்தால வந்த சளிதான்" என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஈரம் வரும் 3 வழிகள்

1. கீழே இருந்து வரும் ஈரம்

அகல் விளக்கில் எண்ணெய் அடியில் இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே ஏற்றுவது திரி. உங்கள் வீட்டுச் சுவரும் ஒரு திரிதான். செங்கல்லிலும் மண்ணிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. கடைக்காலைச் சுற்றியுள்ள மண் நனைந்திருந்தால், அந்தத் தண்ணீரைச் சுவர் உறிஞ்சி மேலே ஏற்றும். இதைத்தான் கொத்தனார்கள் ஓதம் என்கிறார்கள். சாதாரணமாக இது 3 அடி உயரம் வரை ஏறும். கூடவே மண்ணில் உள்ள உப்பும் ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு தங்கிவிடும். அதுதான் வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொரித்து உதிர்க்கிறது. அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

தரையும் அப்படியே. அடியில் போதிய மணல் நிரப்பாமல் போட்ட தரை, மழைக்காலத்தில் வியர்த்துக் கிடக்கும்.

2. மேலே இருந்தும் பக்கத்தில் இருந்தும் வரும் ஈரம்

விரிசல் விட்ட ஓடு, மக்கிய கீற்று, இலையும் சருகும் அடைத்த மாடித் தூம்பு, ஜன்னலுக்கு மேல் மூடி இல்லாத சுவர், இவை வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து, சுவரின் அடியைத் தினமும் நனைக்கிறது. சுவரை ஒட்டியே எருக்குழி, சுவரை ஒட்டியே பாத்திரம் தேய்க்கும் இடம், சுவரை ஒட்டியே குளிக்கும் மறைப்பு என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டுக்கு வருஷம் பூராவும் மழைக்காலம்தான்.

இப்போது பல வீடுகளில் வாசலிலேயே குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. குடம் சுமக்கும் பாடு குறைந்தது நல்லதே. ஆனால் குழாயடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். வடிகால் இல்லாவிட்டால் அது கடைக்காலுக்குள்தான் போகும்.

3. உள்ளே உண்டாகும் ஈரம்

சோறு பொங்கும் ஆவி, வெந்நீர் ஆவி, அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணி, நாம் விடும் மூச்சு, எல்லாமே ஈரம்தான். சமையல் எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அடுப்பங்கரையில் ஜன்னல் இல்லை என்றால் அது எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும், பீரோவுக்குப் பின்னாலும், தகரக் கூரையின் அடியிலும் முத்து முத்தாகப் படியும். குளிர்ந்த தண்ணீர் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் வியர்ப்பதும் அப்படித்தான்.

எந்த வழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரின் அடியில் தொடங்கி, மேலே போகப்போகக் குறைந்து, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் கீழிருந்து வரும் ஈரம்.

மழை பெய்த மறுநாள் மட்டும் அதிகமாகி, கூரைக்குக் கீழேயோ ஜன்னல் ஓரத்திலோ திட்டாகத் தெரிந்தால் மேலிருந்து வரும் ஈரம்.

காற்றுப் புகாத மூலையிலும், பீரோவுக்குப் பின்னும், அடுப்பங்கரை மேல்சுவரிலும் கறுப்புப் புள்ளியாகப் படர்ந்தால் உள்ளே உண்டாகும் ஈரம்.

சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம் உள்ள பாலிதீன் தாளை ஈரச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 2 நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்ளே, சுவர்ப் பக்கம் தண்ணீர் முத்து இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. செலவில்லாத சோதனை. கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இருவரும் சேர்ந்து பாருங்கள்

பல வீடுகளில் நடப்பது இது.

"என்னங்க, தூளி கட்டியிருக்கிற பக்கத்துச் சுவர் சில்லுனு இருக்கு. பிள்ளை ராத்திரி பூரா இருமுது."

"அதான் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போறோமே, விடு."

உள்ளே சுவர் நனைவது மனைவியின் கண்ணில் படுகிறது. வெளியே தண்ணீர் தேங்குவது கணவரின் மண்வெட்டியால் சரியாக வேண்டியது. இவர் உள்ளே பார்ப்பதில்லை, அவர் வெளியே தோண்டுவதில்லை. நடுவில் ஈரம் நிம்மதியாகக் குடியிருக்கிறது! ஆகவே ஒரு மழை நாளில், மழை பெய்யும்போதே, இருவரும் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெயில் நாளில் தெரியாதது அன்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

சுவரை ஒட்டிக் குவிந்த மண், எரு, விறகு, செங்கல் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். வெளிமண் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

சுவரிலிருந்து விலகிச் சரியும்படி மண்ணை வெட்டி, தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இழுத்துவிடுங்கள்.

தினமும் வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து நிற்கும், வெளியே போகாது.

பீரோ, பெட்டி, நெல் மூட்டை எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

துணியை வெளியில் அல்லது தாழ்வாரத்தில் காயப்போடுங்கள். அடைமழையில் உள்ளேதான் போட வேண்டும் என்றால் படுக்கை அறையில் வேண்டாம்.

பாய், தலையணை, மெத்தையை வெயில் கண்ட நாளெல்லாம் வெளியில் போட்டு எடுங்கள். பாயைக் காயாமல் சுருட்டாதீர்கள்.

தூளியையும் குழந்தையின் படுக்கையையும் இன்றைக்கே ஈரச் சுவரிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். சுவரை நாளைக்குப் பார்க்கலாம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

கொஞ்சம் செலவில் செய்யக்கூடியவை

வீட்டைச் சுற்றிச் சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்குச் செங்கல்லோ சிமெண்டோ பாவி, வெளிப்பக்கம் 2 அங்குலம் சரிவு கொடுங்கள். சுவரடியில் தண்ணீர் இறங்காது. வேறு எதற்கும் பணம் இல்லாவிட்டாலும் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். கீழிருந்து வரும் ஈரம் இதனால் நன்றாகக் குறையும்.

குளிக்கிற, பாத்திரம் தேய்க்கிற தண்ணீருக்கு உறிஞ்சுகுழி வையுங்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் 3 அடி. அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லி என்று நிரப்ப வேண்டும். குழி சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். கிணறு, அடிபம்பிலிருந்து 50 அடி தள்ளி இருக்கட்டும். களிமண் பூமியிலும், தோண்டினால் உடனே தண்ணீர் ஊறும் இடத்திலும் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. அங்கே தண்ணீரை வாய்க்கால் இழுத்து வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். மெத்தை வீட்டில் தூம்பு வாயைச் சுத்தம் செய்து, தட்டோடுகளின் இடுக்கில் சாந்து போன இடத்தைப் பூசுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு

கட்டும்போது செய்தால் சில ஆயிரம் ரூபாய், கட்டிய பிறகு செய்தால் பல மடங்கு. ஆகவே மேஸ்திரியிடம் 3 விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட குறைந்தது ஒன்றரை அடி உயரமாக இருக்க வேண்டும். தெருவில் சிமெண்டு ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே போகும் ஊர் என்றால் இன்னும் கூடுதலாக வையுங்கள்.

இரண்டாவது, கடைக்கால் முடிந்து சுவர் எழும்பும் மட்டத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஓதக்காப்புப் படை போட வேண்டும். ஒன்றரை அங்குலக் கனத்தில் 1:2:4 கலவைக் காங்கிரீட்டில் நீர்க்காப்பு மருந்து சேர்த்துப் போடுவது வழக்கம். திரியின் நடுவில் கத்தரித்துவிடுவது போல இது. அதற்கு மேல் ஓதம் ஏறாது.

மூன்றாவது, தரைக்கு அடியில் நன்றாக மணல் நிரப்பி, இடித்து, அதன் மேல் கனமான பாலிதீன் விரித்து, பிறகு காங்கிரீட் போடச் சொல்லுங்கள்.

பூசணத்தைத் துடைப்பது எப்படி?

ஈரம் வரும் வழியை அடைத்த பிறகே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும். கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், குழந்தைகள் இந்த வேலையில் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் செய்யட்டும்.

மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பூசணம் உள்ள இடத்தில் முதலில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடெல்லாம் பறக்கும். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பொரிந்து போன பூச்சைச் சுரண்டி எடுத்து வெளியே புதையுங்கள்.

சிமெண்டுத் தரை, குளியலறை போன்ற கெட்டியான இடங்களில் மட்டும் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போதும். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

வெள்ளத்தில் நனைந்து நாள்கணக்கில் கிடந்த பஞ்சு மெத்தை, தலையணைகளை எத்தனை காயப்போட்டாலும் உள்ளே பூசணம் இருக்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் எறிந்துவிடுங்கள்.

தானியத்தையும் பாருங்கள்

ஈர வீட்டில் சுவரோடு சேர்ந்து தானியமும் கெடும். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் ஆகியவற்றில் பிடிக்கும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் போகாது. பூசணம் பிடித்த கடலையைக் கழுவி, காயவைத்து, "பிள்ளைங்களுக்கு வறுத்துக் கொடுக்கலாம்" என்று வைக்காதீர்கள். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சு பாலில் வந்துவிடும்.

நெல்லைக் கடித்தால் "டக்" என்று ஒடியும் வரை காயவைத்துச் சேமியுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

அவசர ஆபத்து 2

சுவிட்ச் பெட்டி, மின் கம்பி உள்ள சுவர் ஈரமாக இருந்தால் ஷாக் அடிக்கும். சுவரைத் தொட்டால் லேசாகச் சுரீரென்றாலும் மெயினை நிறுத்திவிட்டு மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

மண்சுவர் வீடுகளில், அடிப்பகுதி அரித்துப் போயிருந்தாலோ, சுவர் பிதுங்கியிருந்தாலோ, புதிதாக விரிசல் விட்டிருந்தாலோ அந்தச் சுவர் ஓரம் யாரும் படுக்காதீர்கள். அடைமழைக் காலத்தில், தூங்கும்போது சுவர் இடிந்து விழுந்து உயிர் போவது ஆண்டுதோறும் நம் நாட்டில் நடக்கிறது. "இத்தனை வருஷம் நின்ன சுவர்தானே" என்று எண்ண வேண்டாம். இத்தனை வருஷமும் அது தண்ணீர் குடித்துக்கொண்டுதான் நின்றது. மழை விடும்வரை உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோமே, அது போதாதா?

பதில்: சுண்ணாம்பு அடிப்பது நல்ல வழக்கம். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. அது சுவரை மூச்சுவிடவும் விடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே பொங்கல் சமயத்தில்தான் சுவர் மிகவும் நனைந்திருக்கிறது. அப்போது சுண்ணாம்பு அடித்தால் தப்பில்லை. பிளாஸ்டிக் பெயிண்ட், எனாமல் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கொப்புளம் கொப்புளமாக உரியும். பெயிண்ட் வேலையைச் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மண்சுவரின் மேல் கெட்டியாகச் சிமெண்டு பூசிவிட்டால் ஈரம் நிற்காதா?

பதில்: நிற்காது. வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உள்ளே மண் கரைந்துகொண்டிருப்பது கண்ணுக்கும் தெரியாது. மண்சுவருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

கேள்வி: சாம்பிராணி போட்டால் பூசணம் போகுமா?

பதில்: வாடைதான் போகும். பூசணம் அப்படியே இருக்கும். கைக்குழந்தைக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் புகை கெடுதல். குழந்தையைப் புகையில் காட்டுவதை விட்டுவிடுங்கள். தலையை மெல்லிய துணியால் துவட்டினால் போதும்.

கேள்வி: ரோடு உயர்ந்துவிட்டது. தெருத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: தனி ஒருவர் வீட்டுக்குள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதால் தீராது. பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கிராம சபையில் வடிகால் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். பெண்கள் போய்ப் பேசுங்கள். ஈரத்தின் கஷ்டம் உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கேள்வி: எல்லாம் செய்தோம். சுவர் இன்னும் காயவில்லையே?

பதில்: பொறுமை வேண்டும். 9 அங்குலச் சுவர் உள்ளுக்குள் காய மாதக்கணக்கில் ஆகும். தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் ஒரு கோடைக்குப் பிறகு வித்தியாசம் தெரியும்.

எந்த மாதம் என்ன வேலை?

சித்திரை, வைகாசி: சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். பூச்சு, சுற்றுப் பாவு, உறிஞ்சுகுழி வேலை.

ஆடி, ஆவணி: ஓடு, கீற்று, மாடித் தளம் சரிபார்த்தல்.

புரட்டாசி: தூம்பு, வாய்க்கால் சுத்தம். சுவரை ஒட்டிய குப்பை அகற்றல்.

ஐப்பசி, கார்த்திகை: மழையில் வீட்டைச் சுற்றிப் பார்த்தல். ஒழுகும் இடத்தைக் கரியால் குறித்து வைத்தல்.

மார்கழி, தை: பனி விலகியதும் ஜன்னல் திறத்தல். படுக்கைகளை வெயிலில் போடுதல். பூசணம் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தல்.

மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

தம்பதிகளே, பிள்ளைக்கு நல்ல சோறு போடுகிறீர்கள், தடுப்பூசி போடுகிறீர்கள். அது படுத்துத் தூங்கும் இடத்துக் காற்றையும் சுத்தமாகக் கொடுங்கள்.

ஈரம் நெஞ்சில் இருக்கட்டும். சுவரில் வேண்டாம்!